மார்பு முப்பத்தெட்டு

"ம்ம், அடுத்த ஆள் வாங்க."

பஸ் டிப்போ ஓய்வறையில் புது யூனிஃபார்முக்கு அளவெடுப்பு நடந்துகொண்டிருந்தது. டெய்லர் அளவை உரக்கச் சொல்வார். பெஞ்சில் இருந்த அவர் மனைவி அந்தந்தத் துணியில் சாக்பீஸால் குறிப்பார். யாருக்கு இடுப்பு எவ்வளவு என்று அறை முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் என்ன, ஒரே கிண்டல்தான்.

மூத்த டிரைவர் மட்டும் பின்னால் பின்னால் நழுவிக்கொண்டிருந்தார்.

புராஸ்டேட் கட்டிக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆண் ஹார்மோனை அடக்கிப் போடுகிற மாத்திரை. "திடீர்னு உடம்பு கொதிக்கும். மார்பு வீங்கும், தொட்டா வலிக்கும். பயப்படாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நோய்க்கு அவர் பயப்படவில்லை. இந்த ஓய்வறைக்குத்தான் பயந்தார். வீட்டுக்காரியைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது.

"அண்ணே, ஒளியாதீங்க. உங்க முறைதான்" என்றான் ஹாரன். வாய் ஓயாத டிரைவர் என்பதால் வந்த பெயர்.

"எனக்குப் பழைய அளவே போதும்ப்பா. மார்பு முப்பத்தெட்டு."

"அளக்காமத் தைக்கிற பழக்கம் இல்லீங்க" என்று டெய்லர் டேப்பைச் சுற்றினார்.

மார்பில் பட்டதும் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டார். நேரம் பார்த்து உடம்பும் கொதித்தது. நெற்றியில் வேர்வை வழிந்தது.

"என்னண்ணே, டேப்பைப் பார்த்தே வேர்க்குது? சட்டைக்குத்தான் அளவு, ஊசி போட வரலை" என்றான் ஹாரன்.

எல்லாரும் சிரித்தார்கள். டெய்லர் அவர் முகத்தையும் டேப்பையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டேப்பைச் சட்டென்று உருவினார்.

"மார்பு முப்பத்தெட்டு."

"எங்க அளந்தீங்க? டேப்பைச் சரியாப் பார்க்கவே இல்லையே" என்றான் ஹாரன்.

"வயசாகுதுல்ல தம்பி, கண்ணு கொஞ்சம் அப்படித்தான். நீ வா."

மூத்த டிரைவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வீட்டுக்குப் போவதற்குள் அந்த நிம்மதி கோபமாக மாறிவிட்டது.

"அரைகுறை டெய்லர். நான் சொன்னதை அப்படியே ஒப்பிச்சிட்டான். சட்டை இறுக்கிப் பிடிக்கும், முதல் நாளே எல்லாம் வெளியே தெரிஞ்சிடும்" என்று பொரிந்தார்.

"பொய் அளவு சொன்னது நீங்க. திட்டு மட்டும் அவருக்கா?" என்றாள் மனைவி.

சட்டை வாங்கப் போனபோது சண்டைக்குத் தயாராகத்தான் போனார். கடையில் டெய்லர் மட்டும் இருந்தார்.

போட்டுப் பார்த்தார். பட்டன் இழுக்கவில்லை. மார்பில் துணி உரசவும் இல்லை. உள்பக்கம் மெத்தென்று ஒரு பருத்தித் துணி கொடுத்துத் தைத்திருந்தது. கண்ணாடியில் பழைய மனுஷன் நின்றான்.

"இது முப்பத்தெட்டு இல்லையே?"

"நாப்பத்தொண்ணுங்க."

"அப்போ அன்னைக்கு முப்பத்தெட்டுன்னு சத்தமாச் சொன்னீங்களே?"

டெய்லர் ஊசியில் நூல் கோர்த்தபடி, தலை நிமிராமல் சொன்னார்:

"அதை அந்த ரூமுக்குச் சொன்னேன். சட்டையை உங்களுக்குத் தைச்சேன்."