மைனாவுக்குச் சொல்லிவைத்த பதில்

கிளி தினமும் கதையைப் பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கட்டும்?" என்று கூட்டத்தைக் கேட்கும். மைனா முந்திக்கொண்டு பதில் சொல்லும். அந்தப் பதிலைக் காலையிலேயே கிளி சொல்லிவைத்திருக்கும்.

அன்று நரி ஆற்றங்கரைக்கு வந்தபோது கிளி நிறுத்தியது. மைனாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"நரி உட்கார்ந்து அழட்டும்!" என்றது அணில்.

மைனாவுக்குக் கிளி சொல்லிவைத்திருந்ததோ, 'நரி நீந்தட்டும்' என்று. நீந்தும் நரிக்கு எல்லாம் தயாராக இருந்தது. அழும் நரிக்கு ஒரு வரிகூட இல்லை. கூட்டம் கிளியையே பார்த்தது.

"ஏன் அழுதுச்சு?" என்று கிளி மெல்லக் கேட்டது.

"அதுக்குக் கூட்டாளியே இல்லக்கா," என்றது அணில்.

"ஏன், கரையில நான் இருக்கேனே!" என்றது கூட்டத்திலிருந்த ஆமை.

ஆளுக்கொரு வரியாகக் கதை வளர்ந்து, முடிவதற்குள் இருட்டிவிட்டது.

"நாளைக்கு நான் என்னக்கா சொல்லணும்?" என்று மைனா கரகரத்தது.

"தெரியலையேடி," என்றது கிளி. "அந்த நரிக்கு என்ன ஆகுமோன்னு எனக்கே இருப்புக்கொள்ளல."