பச்சைத் துவையல்

"வேகாத மீனைத் திங்கறதுக்கா ஜலகண்டாபுரத்துல இருந்து பஸ் ஏறி வந்தோம்?" தட்டைப் பார்த்ததும் சென்றாயனுக்கு எரிச்சலாக வந்தது.

டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஜப்பான் ஓட்டல் அது. சின்னச் சின்னச் சோற்று உருண்டைகளின் மேல் பச்சை மீன் துண்டுகளை வைத்திருந்தார்கள்.

"ஏனுங்க, நம்ம அறிவுக்கு இதுன்னா உசுருங்க. ஒரு வாய் தின்னு பாருங்க," என்றாள் மனைவி உண்ணாமலை.

"உம்பையன் ஜப்பானுக்குப் போயிப் பழகிக்கிட்டான். எனக்கென்ன தலையெழுத்தா?"

"சப்புன்னு இருந்தா அந்தப் பச்சைத் துவையலைத் தொட்டுக்குங்க."

கொத்தமல்லித் துவையலாக்கும் என்று மொத்தத்தையும் வழித்து, மீனோடு சேர்த்து வாயில் போட்டார் சென்றாயன். அடுத்த நொடியே காரம் மூக்கில் ஏறி உச்சி மண்டையில் அடித்தது. கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது.

"ஐயா, அது வசாபிங்க! துளியூண்டுதான் தொட்டுக்கணும்," என்று சப்ளையர் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"இப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா புள்ளே?"

"தெரியுங்க. மொதத் தடவை தின்னப்பக் கொழந்தையாட்டம் அழுதேம்மான்னு அறிவு போன்ல சொல்லியிருக்கான்."

கண்ணைத் துடைக்கப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டாள் உண்ணாமலை.

"தொடைக்காதீங்க. அவனைப் பொட்டியில கொண்டாந்து நம்ம ஊட்டு வாசல்ல எறக்குனப்பக்கூட, ஆம்பளை அழக்கூடாதுன்னு கல்லாட்டம் நின்னீங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு வரலீங்க. இங்க யாரு கேட்டாலும் காரம்னு சொல்லிக்கலாம். அழுதுருங்க."

காரம் எப்போதோ இறங்கிவிட்டது. சென்றாயன் அழுதுகொண்டே இருந்தார்.