புகை மோதிரம்

"யாரும் என் வாயில வச்சு ஊட்டல, வக்கீலம்மா. நானா வாங்கினேன், நானா பிடிச்சேன். இதுல சிகரெட் கம்பெனி மேல என்ன கேஸ்?"

தையல் மாஸ்டர் சாயங்காலத்திலிருந்து இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தையல் கோணிப்போனால் முழுச் சட்டையையும் பிரித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

மேஜைமேல் பெரிய ஆஸ்பத்திரி உறை. பக்கத்தில் வக்கீல் கொண்டுவந்த மனு. வக்கீலின் முதல் கறுப்புக் கோட்டைத் தைத்துக் கொடுத்தவரே மாஸ்டர்தான். அந்த உரிமையில் அவளும் விடுவதாக இல்லை.

"'தொண்டைக்கு இதம்'னு போஸ்டர் ஒட்டி வித்தாங்களே மாஸ்டர், அது பொய்யில்லையா?"

"போஸ்டரை யாரு படிச்சா? அதுல ஒருத்தன் கோட்டு போட்டுக்கிட்டு நிப்பான். அந்தக் காலர் கட்டிங் இருக்கே, அடடா! அதைப் பார்க்கப் போய்த்தான் முதல் பாக்கெட்டே வாங்கினேன்."

அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா, அப்புறம் ஊர்ல பாதிப் பேருக்கு அதே காலர்தான்!"

பழைய கடை இருவர் கண்ணிலும் வந்து நின்றது. மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. அவர் வெட்டுவார், மனைவி பட்டனுக்குக் காஜா எடுப்பாள். வெட்டி வைத்த துணி பறந்துவிடும் என்று ஃபேன் போடுவதில்லை. ஜன்னலும் எப்போதும் மூடியேதான் இருக்கும். வாயில் சிகரெட் இல்லாவிட்டால் மாஸ்டருக்குக் கத்தரி ஓடாது. புதுச் சட்டையில் புகை வாசனை அடித்தால், அது மாஸ்டர் கடைச் சட்டை என்று முகர்ந்தே சொல்லிவிடுவார்கள்.

"மோதிரம் ஞாபகம் இருக்காங்க?" என்றாள் மனைவி.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கல்யாணமான புதுசுல தங்கத்துக்கு எங்க போறது, வக்கீலம்மா? இவர் புகையை வளையம் வளையமா விடுவார். நான் விரலை நீட்டுவேன். அப்படியே வந்து மாட்டும். 'இன்னொண்ணு விடுங்க, இன்னொண்ணு விடுங்க'ன்னு நான்தான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"அந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்கு?"

என்ன சந்தோஷமான நாட்கள்!

அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. வக்கீல் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இருமல் அடங்கும்வரை வேறு பேச்சில்லை.

"'நாங்களா பிடிக்கச் சொன்னோம்'னுதான் கம்பெனியும் கோர்ட்டுல கேட்கப் போகுது. நீங்களே அவங்க வக்கீலா மாறிட்டா எப்படி, மாஸ்டர்?"

"கேட்கட்டுமே. துணியைத் தப்பா வெட்டிட்டு, கத்தரி செஞ்சவன் மேல பழி போடற ஆள் நான் இல்ல."

"கத்தரி கோணல்னு தெரிஞ்சே வித்தவனை சும்மா விடுவீங்களா?"

"விடமாட்டேன்தான். ஆனா வெட்டின கை என்னோடதாச்சே! தப்பு என்னோடது. அதை இன்னொருத்தன் தலையில கட்டமாட்டேன். கிழிச்சுப் போடுங்க அதை."

வக்கீல் பெருமூச்சு விட்டு மனுவை மடிக்கப் போனாள். மாஸ்டரின் மனைவி அதைத் தன் பக்கம் இழுத்து, பேனாவையும் வாங்கிக்கொண்டாள்.

"சிகரெட் உங்களோடதுங்க. ஆனா கெட்டுப்போன நுரையீரல் என்னோடது. கேஸ் வேணுமா வேண்டாமான்னு நான்தான் சொல்லணும்" என்றாள். "கம்பெனி மேல தப்பே இல்லேன்னா, மிச்சமிருக்கிற நாளெல்லாம் நான் உங்க மேல கோபமா இருக்கணும். அது என்னால ஆகாதுங்க."