நிறுத்தத் தெரியாத கிருபா

"கம்ப்யூட்டர் வந்ததிலேர்ந்து இந்தக் கிருபாவுக்குத் திமிர் ஜாஸ்தியாய்டுச்சு" என்று பொருமினார் ஸ்டோர் கிளார்க் ஆரோக்கியசாமி.

அந்த ஆம்பூர் ஷூ கம்பெனியின் டைம் ஆபீஸில், எண்பத்தெட்டில், ஒரே ஒரு திரைதான். மாதம் பிறந்தால் லீவு பாக்கி கேட்டு ஆபீஸே அதன் முன்னால் கூடிவிடும். கிருபா தட்டுவாள். யார், எத்தனை நாள், என்ன காரணம் என்று முழு ஃபைலும் பச்சை எழுத்தில் மேலே பறக்கும். ஒரு வரி படிக்க முடியாது. பிறகு அவரவரைக் கூப்பிட்டு அவரவர் பாக்கியை மட்டும் மெதுவாகச் சொல்வாள்.

"கொஞ்சம் நிறுத்தேம்மா, நாங்களும் பாக்குறோம்."

"நிறுத்தத் தெரியாதுண்ணா."

தன் பாக்கியைப் பற்றி ஆரோக்கியசாமிக்குக் கவலையே இல்லை. பேக்கிங் செக்‌ஷன் சாவித்திரி செவ்வாய்தோறும் அரை நாள் எங்கே போகிறாள்? அது தெரியாமல் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

"போன மாசம் லீவு போட்டு, மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் ட்ரெயினிங் எடுத்தவன்யா நான். நாளைக்கு நானே நிறுத்திக் காட்றேன், பாருங்க!"

மிஷினைப் பற்றிய விளக்கமெல்லாம் அதற்குள்ளேயே இருந்தது. கிருபா சாப்பிடப் போன நேரம் பார்த்து, நின்றபடியே தட்டித் தடவி அதைத் திரைக்கு வரவழைத்தார். ஃபைலைப் பக்கம் பக்கமாக நிறுத்துவது எப்படி என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. மீதியை யார் படிப்பது?

மறுநாள் கூட்டம் சேர்ந்தது. சாவித்திரி முகம் வெளிறி ஓரமாக நின்றாள்.

"வேணாண்ணா" என்றாள் கிருபா.

"நவுரும்மா."

தட்டினார். திரை ஜம்மென்று நின்றது. பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்து வரிசையில். ஆம்பூரில் அப்துலுக்கும் அகமதுவுக்கும் பஞ்சமா? திரை முழுக்க அவர்கள்தான். கடைசி வரியில் மட்டும்:

ஆரோக்கியசாமி – பத்து நாள் – மூல வியாதி ஆபரேஷன்.

அப்துல் கரீம் சத்தமாகப் படித்தார். "இன்னா தோஸ்த், நீ எடுத்த ட்ரெயினிங் இதானா?"

பதறிப்போய் ஒரு பட்டனைத் தட்டினார் ஆரோக்கியசாமி. ஒரே ஒரு வரி நகர்ந்தது. இன்னொரு தட்டு, இன்னொரு வரி. கல்யாண ஊர்வலம் மாதிரி அவர் பெயர் நிதானமாகத் திரையின் நடுவுக்கு வந்தது. ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது.

கிருபா குனிந்து படபடவென்று ஏதோ தட்டினாள். பழையபடி எல்லாம் மேலே பறந்து மறைந்தது.

கூட்டம் கலைந்ததும் சாவித்திரி கேட்டாள். "உனக்கு நிறுத்தத் தெரியும், இல்ல?"

"வந்த அன்னைக்கே தெரியும்க்கா."

அடுத்த மாதம், புதிதாகச் சேர்ந்த கோவிந்தராஜ் கேட்டான். "மேடம், கொஞ்சம் நிறுத்துங்களேன், நாங்களும் பாக்குறோம்!"

கிருபா வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஆரோக்கியசாமியின் குரல் வந்தது.

"பேஜார் பண்ணாதப்பா! பாவம், அந்தப் பொண்ணுக்கு நிறுத்தத் தெரியாது."