மூலையில் மட்டும் சிவப்பு

இன்றைக்குக் கிழவரைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் வீடு திரும்புவதில்லை என்று மாரிட் முடிவு செய்திருந்தாள்.

டிரக்கைக் கரையிலேயே விட்டுவிட்டு உறைந்த ஏரிமேல் நடந்தாள். கைப்பேசித் திரையில் ஏரி முழுக்கப் பச்சை. பச்சை என்றால் ஐஸ் தடிமன், வண்டியே ஓட்டலாம். சிவப்பு என்றால் மெலிசு, கால் வைக்கக் கூடாது.

அவள் எழுதிய செயலி அது. காசு கிடையாது. சனிக்கிழமைதோறும் காலையில், வெந்ததும் வேகாததுமாக ஒரு சோதனைப் பதிப்பை இணையக் குழுவில் போடுவாள். மின்னசோட்டா மீன்பிடிக்காரர்கள் அதை இறக்கிக்கொண்டு அவரவர் ஏரிக்குப் போய், ஐஸில் துளை போட்டு அளந்து, திட்டியும் பாராட்டியும் எழுதுவார்கள்.

இந்த நிறம் காட்டுகிற வசதி இந்தக் குளிர்காலத்துச் சோதனை. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் செயலி ஊகிக்கும். ஊகம் தப்பானால் குழு திருத்தும்.

எல்லாரும் ஒழுங்காகத்தான் திருத்தினார்கள், வெர்லின் ஆஹோ ஒருவரைத் தவிர.

அந்த மனிதர் எழுதியதெல்லாம் ஒரே இடத்தைப் பற்றி. இந்த ஏரியின் வடகிழக்கு மூலை. "மெலிசு. வராதீங்க." அவ்வளவுதான். அளவு இல்லை, படம் இல்லை. எத்தனை முறை கேட்டாலும் பதில் இல்லை.

மூக்கு உதிர்ந்துவிடுகிற குளிரில் ஏரியே இறுகிக் கிடந்த வாரத்திலும் அதே இரண்டு வார்த்தை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய மீன்பிடிக் கொட்டகை நிற்பதே அந்த மூலையில்தான். யாராவது பக்கத்தில் போனால் வெளியே வந்து இரண்டு கையையும் ஆட்டி விரட்டிவிடுவாராம். அதனால் வேறு ஒருவரும் அங்கே அளந்ததில்லை.

"அக்கா, பெருசு அங்க மீன் பண்ணையே வச்சிருக்கு. நீ வெக்கமில்லாம அதுக்கு வேலி போட்டுக் குடுக்குற" என்று தம்பி ஐரிக் சிரித்தான். குழுவிலேயே பெரிய வாய் அவனுக்குத்தான்.

மீன் எங்கே கடிக்கிறது என்று கேட்டால் சொந்த மச்சானுக்கே வேறு ஏரியைக் கைகாட்டுகிற ஊர் இது. அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. ஆனால் வரைபடத்தில் பொய்யா? நாலு பேர் உயிரை ஒப்படைத்துப் பார்க்கிற வரைபடத்தில்? அதை நினைத்தாலே மாரிட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று காலைப் பதிப்பில் வெர்லின் எழுதிய அத்தனையையும் தூக்கிவிட்டாள். சிவப்பு மூலை சட்டென்று பச்சையானது. "வடகிழக்கு மூலை திருத்தப்பட்டது" என்று எழுதிக் குழுவில் போட்டுவிட்டு, டுலூத் நகரத்திலிருந்து நேராக இங்கே கிளம்பி வந்திருந்தாள்.

கொட்டகையின் குழாயில் புகை வந்துகொண்டிருந்தது. ஐயா உள்ளேதான் இருக்கிறார். மாரிட் தட்டவில்லை. கதவை இழுத்துத் திறந்தாள்.

வெர்லின் நாற்காலியில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தாள். மீன்பிடிக் கொட்டகை என்றால் தரையில், தூண்டில் இறக்க ஐஸைக் குடைந்த குழி இருக்க வேண்டும். நாற்காலிக்கு அடியில் பார்த்தாள். மிதியடியைக் காலால் தள்ளிப் பார்த்தாள்.

குழி இல்லை. தூண்டில் இல்லை, இரை வாளி இல்லை. வெறும் பலகை.

சுவரில் நீளமான கயிற்றுச் சுருள், ஓர் ஏணி, கொக்கி வைத்த கழி. ஆணியில், பனிவண்டியில் போகிறவர்கள் போடுகிற மஞ்சள் ஹெல்மெட். அவர் தலையில் பாதிகூட நுழையாத சின்னப் பிள்ளை ஹெல்மெட்.

நாற்காலி ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது. ஜன்னலுக்கு அப்பால் வெள்ளை வெளேரென்று அந்த மூலை.

"என்னம்மா, மீன் தேடுறியா?"

மாரிட் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "அளவு… அளவு ஏன் போடல நீங்க?"

"அளக்கணும்னா அதுமேல நடக்கணுமே" என்றார் வெர்லின். "அடியில ஊத்து, ஐஸை இறுகவே விடாது. இந்தக் கொட்டகையோட சரி, இதுக்கு அந்தாண்ட தாங்காது."

மாரிட்டுக்குக் காலைப் பதிப்பு ஞாபகம் வந்தது. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கைப்பேசியைத் திறந்தாள். பதிப்பை எடுத்துவிடலாம். ஆனால் இறக்கிக்கொண்டவர்கள் கையிலிருந்து எப்படி எடுப்பது?

ஐரிக்கிடமிருந்து செய்தி வந்து கிடந்தது. "அக்கான்னா அக்காதான்! பனிவண்டில கெளம்பிட்டோம். பெருசோட குழிய இன்னிக்கு ஒரு கை பாத்துடுறோம்." கூடவே பச்சை மூலையின் படம்.

அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டிச் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கப் போகிறது?

எதிர்க்கரைப் பைன் மரங்களுக்குப் பின்னால் எஞ்சின்கள் உறுமின.

"என் தம்பி…" என்றாள். சத்தம் வந்த பக்கம் கையைக் காட்டினாள்.

வெர்லின் எழுந்தார். கோப்பையைக் கீழே வைத்தார். கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே கதவுக்கு வந்தவர், மறுமுனையை அவள் கையில் திணித்தார்.

"கெட்டியாப் புடிச்சுக்கம்மா. போன தடவ இந்த முனையப் புடிக்க ஆளில்ல."