சர்வரில் போட்ட துண்டு

“காரணம் அம்சவேணிதான்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதுமுங்க மேடம். இன்னைக்கே ஊட்டுக்கு அனுப்பிடறேன்” என்றார் மிளகு விவசாயிகள் சங்கச் செயலாளர் ராசப்பன்.

ராதிகா பஸ்ஸை விட்டு இறங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எழுபது வளைவில் சுற்றிய தலை இன்னும் நிற்கவில்லை. அதற்குள் ஒரு மனுவை அவள் கையில் திணித்துவிட்டார்.

இரண்டு வாரத்துக்கு முன் மாதேஸ்வரன் என்ற மிளகு விவசாயி கொடுத்த மனு. ‘புதன்கிழமை தவறாமல் சர்வர் படுத்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் உட்காரும் அம்சவேணி ஏதோ தில்லுமுல்லு செய்கிறார். வாராவாரம் பஸ் பிடித்து வந்து வெறுமனே திரும்புகிறேன். அவரை வேலையை விட்டு நீக்க வேண்டும்.’

இந்த மனு விஷயம் மலை முழுக்கத் தெரியும். அம்சவேணிக்கும் தெரியும்.

சங்கத்தில் புதன்தோறும் ஆன்லைன் மிளகு ஏலம். காலை ஒன்பது மணிக்குப் பதிவு தொடங்கும். முதலில் பதிகிற அறுபது பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் அடுத்த புதனுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

பதிவு நடக்கும் ஜாவா சர்வரைப் பார்த்துக்கொள்வது ராதிகாவின் கம்பெனி. சேலத்தில் இருந்தபடியே ஆறு வாரமாக அதை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுப் பார்த்துச் சலித்துப்போய், இந்தச் செவ்வாய்க்கிழமை ராதிகாவை மலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்குத் தன் மேல் நம்பிக்கை கொஞ்சம் ஜாஸ்தி. அது இதுவரை வீண் போனதும் இல்லை.

“மனுஷங்க சொல்றதை அப்புறம் கேட்டுக்கலாம் சார். லாக் என்ன சொல்லுதுன்னு முதல்ல பார்க்கிறேன்” என்று லேப்டாப்பைத் திறந்தாள்.

லாக் என்பது சர்வர் தானே எழுதிவைக்கும் டைரி. ஆறு புதனும் ஒரே எரர்: இடம் காலி இல்லை. சர்வருக்குள் ஐம்பது நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் படிவம் ஒவ்வொன்றும் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும். ஐம்பதும் நிறைந்தால் அடுத்து வருபவர் நிற்பார், அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் நிற்பார்கள், கடைசியில் சர்வர் மூச்சுமுட்டிப் படுத்துவிடும். எழுப்பினால் அதுவரை கிடைத்த வரிசை எண்ணெல்லாம் போயே போச்சு.

பிடித்து வைத்தது யார் என்பதும் அரைமணியில் அகப்பட்டது. ஒன்பது அடித்த கையோடு முப்பத்தெட்டுப் படிவங்கள். பெயர் இல்லை, எடை இல்லை, வெறும் படிவங்கள். அத்தனையும் அம்சவேணியின் கம்ப்யூட்டரிலிருந்து.

ராசப்பனுக்கு அதற்கு மேல் விசாரணையே தேவைப்படவில்லை. அவரை ஒரு வழியாக உட்காரவைத்துவிட்டு ராதிகா பக்கத்து அறைக்குப் போனாள்.

அம்சவேணிக்கு நாற்பது வயதிருக்கும். வெறும் படிவத்தை எதற்குத் திறந்து வைக்கிறீர்கள் என்று கேட்டதும் மழுப்பவில்லை.

“பஸ்ஸுல எடம் புடிக்கத் துண்டு போடறோமில்லீங்க, அது மாதிரிதானுங்க.”

“யாருக்குக்கா?”

தூரத்து ஊர்க்காரர்களுக்காம். அங்கிருந்து போனில் பதியலாம் என்றால் டவர் எடுக்காது. பஸ்ஸும் பதினொன்றரைக்குத்தான் வந்து சேரும். அதற்குள் பக்கத்து ஊர்க்காரர்களே அறுபது இடத்தையும் நிரப்பிவிடுவார்கள். அதனால் முந்தின நாள் சாயங்காலமே கண்டக்டரிடம், யார் யார் மிளகு காயவைத்து மூட்டை கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வாளாம். காலையில் ஆளுக்கொரு படிவம் திறந்து வரிசை எண்ணைப் பிடித்து வைத்து, அவர்கள் வந்ததும் பெயரும் எடையும் எழுதி அனுப்புவாளாம். வெளியே தெரிந்தால் சண்டை வரும் என்று யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

“மொளகு சீசன்ல கூட்டம் சாஸ்தி. அதான் சர்வர் படுத்துக்குதுன்னு நெனச்சனுங்க.”

ராதிகா நாற்காலிக் கணக்கைச் சொன்னாள். அம்சவேணியின் முகம் சுண்டிப்போனது. நோட்டை மெதுவாக மூடினாள்.

“அப்ப, அவங்க வெறுங்கையோட திரும்பினதே என்னாலதானுங்களா?”

ராதிகா ஆமாம் என்று சொல்லிவிடலாம், லாக்கும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் வெறுமனே திறந்து வைத்த படிவத்துக்கு எந்த மடையன் நாற்காலி கொடுக்கச் சொன்னான்? எழுதி முடித்து அனுப்புகிற நொடிக்குக் கொடுத்தால் போதுமே. அந்த மடையன் தன் கம்பெனியில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

“இல்லக்கா. தப்பு எங்க மேல. சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்” என்றாள். “அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க.”

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. சோதிப்பதற்காக நூறு படிவங்களை ஒன்றாகத் திறந்து வைத்தாள். சர்வர் அசரவில்லை.

ராசப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அறிக்கையில் கம்பெனியின் தப்பு என்றே எழுதிக் கையெழுத்தும் போட்டாள். தூரத்து ஊர்களுக்கு முப்பத்தெட்டு இடத்தைச் சங்கமே ஒதுக்கிவிட்டால் யாரும் ஒளித்து மறைத்துத் துண்டு போட வேண்டாமே என்றும் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

“அதெல்லாம் செரிங்க மேடம். நாளைக்கு மாதேஸ்வரன் வந்து அம்சவேணிய அனுப்பியே ஆகோணும்னு ஒத்தக் கால்ல நிப்பாரே, அவருக்கு என்ன பதில் சொல்றதுங்க?”

ராதிகா நோட்டைப் பிரித்து, போன புதன்கிழமைப் பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“மனு குடுத்த பிறகும், அம்சவேணி அக்கா மொதல் துண்டை அவருக்குத்தான் போட்டிருக்காங்கன்னு சொல்லுங்க சார்.”