எட்டுக் கொம்பு

பாண்டுங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் சுஹெர்லானுக்கும் டிகோருக்கும் ஓயாத சண்டை. ஆன்டெனாக்களைக் கூட்டினாலே போதும், அலை எந்த மூலைக்கும் போய்விடும் என்பார் சுஹெர்லான். நடுவில் வாங்கிக் கடத்த ஒரு ரிலே பெட்டி வேண்டும் என்பார் டிகோர்.

அன்று டிகோரை வீட்டுக்கே இழுத்து வந்துவிட்டார் சுஹெர்லான். கூடத்தில் அவரே செய்த எட்டு ஆன்டெனா வைஃபை. மூன்று சுவர் தாண்டி, சமையலறையில், மனைவி நினிங்கின் போனில் நாடகம் தடங்கலே இல்லாமல் ஓடியது.

"பாத்தீரா? உம்ம ரிலே எதுக்குய்யா?"

"ஒத்துக்கறேன், நீர்தான் ஜெயிச்சீர்." டிகோர் சிரித்தபடி காப்பியை முடித்துக்கொண்டு கிளம்பினார்.

சுஹெர்லானுக்குத் தன் தலையிலேயே எட்டுக் கொம்பு முளைத்த நினைப்பு. "மனுஷன் வாயடைச்சுப் போயிட்டான், பாத்தியா நினிங்!"

நினிங் ரைஸ் குக்கருக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டிப் பெட்டியை உருவினாள். நாடகம் அப்படியே நின்றது.

"லெபரான் பெருநாளுக்கு வந்தப்ப அவர்தாங்க இந்த ரிலேவைச் சொருகிட்டுப் போனார். 'சொல்லிடாதீங்க, பாவம், மனசு ஒடிஞ்சிடுவார்'னார்."

சுஹெர்லான் தலையைத் தடவிப் பார்த்தார். ஒரு கொம்பையும் காணோம்.

"சரி, திரும்பச் சொருகு," என்றார். "எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே."